நூறு மைக்ரான்

கீழ்க்கோத்தகிரி லயங்களில்
விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக்
கூரைமேல் எறிந்துவிடுவார்கள்.
ஆகவே என் ஆராய்ச்சியின் முதல் கருவி
ஒரு மூங்கில் ஏணி.

பல்லுக்கு ஒரு பென்சில் என்று அறிவித்தேன்.
இரண்டாம் வாரமே
ஆடாத பல்லையும் ஆட்டத் தொடங்கினார்கள்.
நெறிமுறைக் குழு கடிதம் அனுப்பியது.
மிஞ்சிய பென்சில்களோடு
ஏணிக்கே திரும்பினேன்.

பதினேழு வருடம்.
நானூற்றுப் பன்னிரண்டு பாற்பற்கள்:
பிலிம் டப்பாவில், தீப்பெட்டியில்,
ஒன்று மட்டும் கம்மல் வாங்கிய பஞ்சுப்பெட்டியில்.
எச்சில் மாதிரிகளும் இருந்தன.
ஓர் ஐப்பசியில் கற்பூரமரம் கம்பிமேல் சாய்ந்து
மூன்று நாள் கரண்ட் இல்லை.
ஃப்ரீசரைத் திறந்தபோது
இருநூறு குழந்தைகளின் எச்சில்
வெறும் எச்சிலாகியிருந்தது.
அந்த வருடம் பதவி உயர்வும் இல்லை.

பல்லுக்குக் கரண்ட் வேண்டாம்.
வைர விளிம்பு வட்டில் கொடுத்து
நூறு மைக்ரான் கனத்துக்குச் சீவினால்
நாளுக்கொரு கோடாக
எனாமல் தன்னைக் கட்டிக்கொண்டது தெரியும்.
பிறந்த அன்றைக்குக் கொஞ்சம் அழுத்தி.
பிறகு காய்ச்சலுக்கு, பட்டினிக்கு.
எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும்.
எனாமலைத் திருத்த ஆளில்லை;
எழுதிய செல்கள்
பல் முளைக்கும்போதே செத்துவிடுகின்றன.

துஷ்யந்தனின் கடைவாய்ப் பாற்பல்லில்
இருநூற்றுப் பதினான்காம் நாள்
ஒரு கருங்கோடு.
அவன் அம்மா யோகராணி
கொழுந்துக்கூடையை இறக்காமலே
விரல்விட்டு எண்ணினாள்.
"ஏழாம் மாசமா? பேக்டரிய பூட்டுனாங்களே, அப்ப.
எனக்குப் பாலே வத்திப்போச்சு டாக்டரம்மா.
பல்லு அதெல்லாமா சொல்லும்?"
நாலடி போய்த் திரும்பி வந்தாள்:
"சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடாதீங்க."

கட்டுரையில் அவன் எண் எண்பத்தெட்டு.
அவள் சொன்னதையும் ஒரு வரியில் சேர்த்திருந்தேன்.
தாயின் நினைவு நம்பத்தக்க தரவல்ல என்று
இரண்டாம் மதிப்பீட்டாளர் குறித்திருந்தார்.
வரியை எடுத்தேன். கட்டுரை வந்தது.
துறைத்தலைவர் பெயர் முதலில்,
மூன்றாவதாக நான்.

போன தையில்
குன்னூரில் என் ஞானப்பல்லைப் பிடுங்கினார்கள்.
வாயில் பஞ்சோடு பஸ் பிடித்து வந்து
அன்றிரவே அறுத்தேன்.
சுமார் பதினோரு வயதில்
துஷ்யந்தனுடையதைவிடத் தடித்த கோடு.
ஆறாம் வகுப்பு. நீலப் பாவாடை.
கணக்கில் தொண்ணூற்றாறு.
வேறெதுவும் ஞாபகத்தில் இல்லை.
அம்மாவுக்குப் போன் செய்தேன்.
"ஒன்னும் நடக்கலியே" என்றாள்,
நான் கேள்வியை முடிப்பதற்குள்.

மாதிரிப் படிவத்தில்
எண்: நானூற்றுப் பதிமூன்று.
தாயின் கூற்று என்ற கட்டம் காலியாக இருந்தது.
ஒன்றும் நடக்கவில்லை, என்று எழுதினேன்.
பென்சிலில்.