மூன்று பவுண்டு அழுத்தம்

ஒரு பக்கம் ஆண்கடல், மறுபக்கம் பெண்கடல்.
பாம்பன் பாலத்தின் நடு முதுகில்
பகல் ஒன்றேகாலுக்கு நின்றுபோனது பியட்.
பின் இருக்கையில் பதினெட்டு டப்பா தொதல்.
பின்னால் மூன்று பஸ், ஒரு மீன்வண்டி,
எல்லார் கையும் ஹாரனில்.

பானட்டைத் திறந்தேன்.
இஞ்சினின் விலாவில் ஒட்டியிருக்கும் பம்ப்
தொட்டால் கொப்புளம்.
உள்ளே பெட்ரோல் கொதித்து ஆவியாகி,
காலிப் புட்டியைச் சப்பும் பிள்ளைபோல
அது காற்றைச் சப்பிக்கொண்டிருந்தது.

மீன்வண்டிக்காரர் இறங்கி வந்தார்,
திட்டத்தான் என்று நினைத்தேன்.
ஒரு கை ஐஸை என் கைக்குட்டையில் கொட்டி
'காய்ச்சக்காரனுக்கு வைக்கிற மாதிரி வையுங்க' என்றார்.
பத்து நிமிடத்தில் கிளம்பியது.
தொதல் டப்பா வரைக்கும் சீலா வாடை.

அன்றிரவே தம்மாமுக்குச் சொன்னேன்.
சொல்லியிருக்கக் கூடாது.

மூன்றாம் வாரம்
லீவில் வந்த நடுத்தெரு ஜெய்னுலாப்தீன் பெட்டியில்,
கோடாலித் தைலத்துக்கும் பால்பவுடருக்கும் நடுவே
ஒரு எலெக்ட்ரிக் பம்ப்.
கூடவே வாட்ஸ்அப்பில் மச்சானின் நீளக் குரல்:
'பழசு இஞ்சின் சுத்துனாத்தான் வேலை செய்யும்.
இது சாவி போட்டதுமே டிக் டிக்னு ஆரம்பிச்சிரும்.
டேங்குக்குப் பக்கத்துல, சூடு எட்டாத எடத்துல மாட்டு.
இழுக்காது, தள்ளும்.'
அபுதாகிருக்கு
என்னைப் பற்றிப் பேசும்போதைவிட
பெட்ரோலைப் பற்றிப் பேசும்போது குரல் கனிகிறது.

உச்சிப்புளி வில்லாயுதம்
அதைக் கையில் உருட்டிப் பார்த்தார்.
'நல்ல சாமான்தான்.
ஏழு பவுண்டு தள்ளும்.
உங்க கார்புரேட்டருக்கு மூணு போதும்.
மிச்சம் நாலு எங்க போகும்?
ஊசியைத் தூக்கிட்டு வழியும். அதுக்கு ஒரு ரெகுலேட்டர்.
எங்கயாச்சும் மோதி இஞ்சின் நின்னாலும் இது நிக்காது,
நெருப்புக்கும் ஊத்திக்கிட்டே இருக்கும். அதுக்கு ஒரு கட்டாஃப்.
வயரெல்லாம் உப்புக்காத்து தின்ன வயரு.'

'ரெண்டையும் வச்சுக்கிட்டா?'

'வைக்கலாம்.
பழசுல டயாபிரம் கிழிஞ்சுச்சுன்னா
புதுசு தள்ளுறது நேரா ஆயிலுக்குள்ள எறங்கும்.
உங்களுக்கே தெரியாது.'

பழையதைப் பிரித்துக் காட்டினார்.
டயாபிரம் கருவாடாக விறைத்திருந்தது.
இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனாலின் வேலையாம்.

ஸ்பேனர்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து
ரொம்ப நேரம் யோசித்தேன்.
எங்கோ எட்டத்தில்
இங்கே என்ன நடக்கிறதென்று கேட்காமல்
அனுப்பிக்கொண்டே இருப்பது ஒரு வகை.
இஞ்சினோடு ஒட்டிக்கிடந்து, அதன் சூட்டை வாங்கி,
அது நின்றால் தானும் நிற்பது ஒரு வகை.
பதினொரு வருடமாக
முதல் வகையில்தான் குடும்பம் நடத்துகிறேன்.
குறை சொல்லவில்லை.
மாதம் ஐந்தாம் தேதி ஒருதடவைகூடத் தவறியதில்லை.

'பழசுக்கே புது டயாபிரம் போட்டுருங்க.'

எத்தனால் தாங்குவதாகப் பார்த்துப் போட்டார்.
பம்புக்கும் இஞ்சினுக்கும் நடுவே தடித்த பேக்கலைட் துண்டு.
குழாயைச் சைலன்சர் பக்கமிருந்து நாலு விரல் விலக்கினார்.
ஆயிரத்து முந்நூறு ரூபாய்.
பார்சல் பம்ப் பீரோவில் இருக்கிறது,
அவருடைய வெள்ளைச் சட்டைகளுக்கு அடியில்.

வெள்ளிக்கிழமை ஏர்வாடி விலக்கில் போன் வந்தது.
'மாட்டியாச்சா? சத்தம் கேக்குதா?'

பொய் சொல்ல வாய் வரவில்லை.
உண்மை சொல்லவும்.
போனை ஸ்டியரிங் பக்கம் பிடித்துக்கொண்டு
இண்டிகேட்டரைத் தட்டிவிட்டேன்.

டிக். டிக். டிக். டிக்.

'ஆஹா' என்றார் தம்மாமில்.
'இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டு போ.'

கொண்டுபோனேன்.
கண்ணாடியில் பார்த்தால்
எனக்குப் பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ,
நான் வலப்பக்கம் திரும்பப்போகிறேன் என்று நம்பி
ஹாரன்கூட அடிக்காமல்
நின்றுகொண்டிருக்கிறது.