மழையில்லாத நாட்டின் கணக்கு

வால்திவியாவில் பதினேழாம் நாளாக மழை.
விறகு நனைந்து அடுப்பு புகைகிறது.
நான் ஒரு நாட்டுக்குக் கணக்குப்பிள்ளை.
அந்த நாட்டில் மழையே கிடையாது.

ஆறு வருடம் முன்பு
வரைபடத்தில் முதல் கோடு இழுத்தபோதே தீர்மானித்தது அது:
உப்புவெளி, சிவந்த பாறை,
ஒட்டகம் மாதிரி ஒன்று, அதற்குக் காலுக்கு இரண்டு முழங்கால்.
ஈர சாக்ஸோடு உட்கார்ந்திருப்பவள்
வேறென்ன கனவு காண்பாள்?

பிறகு ஆட்கள் வந்தார்கள்.
நாற்பத்தொரு பேர், ஏழு மேசை.
மேசை என்பது பேச்சுக்கு.
ஆளுக்கொரு திரை, ஒரு மைக்,
பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.

செவ்வாய்க்கிழமை மேசை
சுங்கச்சாவடிக் கிழவனைக் கொன்றது.
வியாழக்கிழமை மேசை அதே கிழவனிடம்
இரண்டு காசுக்கு ரொட்டி வாங்கியது.
ரொட்டி சூடாக வேறு இருந்ததாம்.
ரொசாரியோவிலிருந்து எவரிஸ்தோ கத்தினான்:
'ஒடில்யா, என் பகடையில இருபது விழுந்துச்சு.
அவன் செத்துத்தான் ஆகணும்.'
வெள்ளி இரவு முழுக்க எழுதினேன்.
கிழவனுக்கு ஒரு தம்பி.
அதே சாயல், அதே கடன்,
அண்ணன் போன சேதி அவனுக்கு இன்னும் எட்டவில்லை.
எல்லோரும் சமாதானம்.
எனக்குத்தான் அந்தத் தம்பியை நினைத்து
ஆற்றுத்துறை அலுவலகத்தில்
இரண்டு நாள் ரசீதில் தேதி தப்பியது.

உலகம் நடத்துவது இவ்வளவுதான்.
டிராகன் எப்போதாவது.
மற்ற நாளெல்லாம் உப்பு விலை,
எந்த மேசைக்கு நிலா தேய்கிறது என்ற தகராறு,
ஒருவன் வாங்கிய கழுதையை
இன்னொருவன் விற்றுவிட்ட வழக்கு.

நயாரெத் அந்தோஃபகாஸ்தாக்காரி.
பாலைவனச் சுரங்கங்களுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறாள்.
ஆட்டத்திலும் கிணறு தோண்டுபவள்.
மற்றவர்கள் புதையலுக்கு அடித்துக்கொள்ளும்போது
ஓரமாக நின்று மண்ணை முகர்வாள்.
போன வாரம் முதல்முறையாக
அவளே ஒரு மேசையை நடத்தினாள்.
யாரையும் கேட்காமல்
கிழக்கு எல்லையில்
ஒரு மேகத்தை வைத்துவிட்டாள்.

விதி நான்கு:
வானிலையில் யாரும் தனியாகக் கைவைக்கக் கூடாது.
எழுதியவள் நான்.
வாக்கெடுப்பு நடந்தது.
நீக்கு என்று இருபத்தாறு,
கிடந்துவிட்டுப் போகட்டும் என்று ஒன்பது,
ஆறு பேர் தூங்கிப்போனார்கள்.

அவளைத் தனியாக அழைத்தேன்.
'ஏன் வச்சே?'
கொஞ்ச நேரம் லாரி எஞ்சின் மட்டும் பேசியது.
'உன் பின்னாடி எப்பவும் ஒரு சத்தம் கேக்கும்ல,' என்றாள்.
'என்ன சத்தம்?'
'நீ கதை சொல்லும்போது. ஆறு வருஷமா.
எவரிஸ்தோ சொன்னான், மைக் கோளாறு, வடிகட்டி போட்டுக்கோன்னு.
எல்லாரும் போட்டாங்க.
நான் போடல.
அது அந்த நாட்டோட சத்தம்னு நெனச்சேன்.
நீ சொல்ற பாறைக்கெல்லாம் பின்னாடி
ஏதோ ஒண்ணு வந்துட்டே இருக்குன்னு.
எப்ப வருமோன்னு பாத்துட்டே இருந்தேன்.'

நான் அண்ணாந்து பார்த்தேன்.
தகரக் கூரை.
சத்தம் என்று ஒன்று இருப்பதே
எனக்கு அப்போதுதான் கேட்டது.

வாக்கு வாக்குதான்.
மேகத்தை அழித்தேன்.
இருபத்தாறு பேருக்கும் தகவல் அனுப்பினேன்.
பிறகு கிழக்கு எல்லைப் பக்கத்தில்
சின்ன எழுத்தில் சேர்த்தேன்:

'இங்கே இரவில் ஒரு சத்தம் கேட்கும்.
எங்கிருந்து என்று யாருக்கும் தெரியாது.
நின்று கேட்பவர்
ஒரு நாள் தண்ணீரைச் செலவாகக் கழித்துக்கொள்ளவும்.'

விடிவதற்குள் முதல் கேள்வி வந்துவிட்டது,
எவரிஸ்தோவிடமிருந்து:
'அதைக் கொல்ல எத்தனை விழணும்?'