வத்தல்மலை, மார்கழி, ஏழு மணி

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில்
ஸ்கூட்டரை நிறுத்தி
சீட்டின் மேல் தாளை விரித்தேன்.
தீட்டிய நீலம்
சொன்ன பேச்சு கேட்காமல்
தருமபுரிப் பக்கம் ஒழுகுகிறது.
எதுவும் காயவில்லை,
கைக்குட்டை உட்பட.

வெள்ளைச் சாயம் நான் வாங்குவதில்லை.
பனி என்பது
தொடாமல் விட்ட தாள்.

காப்பிக்கொட்டை மூட்டையோடு இறங்கிய சென்றாயன்
வண்டியை அணைக்காமலே எட்டிப் பார்த்தார்.
"எங்க ஊரக் காணமே?"
பனி மூடியிருக்குங்க என்றேன்.
"மூடுனா?
உள்ள எங்கூட்டுக்காரி
களி கிண்டிக்கிட்டுல்ல இருக்கா."

சத்தம் ஆறு வளைவுகள் இறங்கி ஓய்ந்தது.

பனிக்குள் அடுப்புப் புகை.
வெள்ளைக்குள் இன்னொரு வெள்ளை.
தண்ணீர்க் குவளையை விட்டுவிட்டு
ஃபிளாஸ்க் மூடியில் ஆறிக்கிடந்த டீயில்
தூரிகையை முக்கினேன்.