அளவை

இரண்டு மீற்றர் இருபது, என்கிறேன்.
வாங்க வந்தவர் வயரைத் தானும் ஒருதரம் இழுத்துப் பார்க்கிறார்.
இரண்டு மீற்றர் இருபதுதான்.
ஸ்ரான்லி வீதி ஹாட்வெயார்க் கடையில்
ஒரு பொம்பிளைப் பிள்ளை அளந்தால்
எல்லோரும் திருப்பி அளப்பார்கள்.
பரவாயில்லை.
சந்தேகத்தில் இருந்து தொடங்கு என்றுதான்
எங்களுக்கும் முதலாம் வருசம் சொல்லித் தந்தது.

கம்பஸில் நாலு வருசம் மெய்யியல்.
இரண்டாம் வகுப்பு, மேற்பிரிவு.
கலியாணத் தரகர் என் சாதகக் குறிப்பின் அடியில்
பட்டதாரி என்று மட்டும் எழுதினார்.
என்ன பாடம் என்று எழுத இடம் இருந்தது.
ரொறன்ரோவில் இருந்து சித்தப்பா வைபரில் கேட்டார்:
"உது சாமியார் ஆகிறதுக்கோ பிள்ளை?"
வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.
காசு அனுப்புகிறவரின் பகிடி.

முதலாளிதான் விவரமாகக் கேட்டவர்.
"என்னத்தில பட்டம்?"
"மெய்யியல். அளவையியலும் செய்தனான்."
"அளவையோ? அப்ப நல்லது"
என்று நாடாவைத் தூக்கிக் கையில் தந்தார்.
அவர் பகிடி விட்டாரா, இல்லையா,
இரண்டு வருசமாக எனக்கு விளங்கவில்லை.

கிருபாலினி புவியியல்.
எந்தக் கிணறு எந்த மாதம் உவர்க்கும் என்று சொல்வாள்.
ஒருவரும் கேட்பதில்லை.
இப்போது லீசிங் கொம்பனிக்குத் தவணைக் காசு அறவிடுகிறாள்.
எந்த ஒழுங்கை எந்த வேலியில் முட்டி நிற்கும்,
எந்தப் பொட்டுக்குள்ளால் ஆள் மாறுவார் என்று
அவளுக்குத் தெரியும்.
படித்தது உதவுகிறதுதான்.

போன சனி, வெயில் ஏறுகிற நேரம்,
சைக்கிளில் ஒருவர் வந்தார்.
நைலோன் கயிறு முப்பது மீற்றர்.
நீலத் தறப்பாள், பெரிசாக ஒன்று.
"எங்க கட்டப் போறியள்?"
"கச்சேரிக்கு முன்னால. பட்டதாரிகள் போராட்டம்."
"என்ன பாடம் அண்ணை? வரலாறோ, இந்து நாகரிகமோ?"
அவர் பிடரி வியர்வையைத் துடைத்தார்.
"விலங்கியல்."
கொஞ்சம் பொறுத்து,
"விஞ்ஞான பீடம்."

நான் கேட்ட விதம்
அதற்குப் பிறகுதான் என் காதில் விழுந்தது.

கலைப்பட்டதாரிகள் எல்லோரும் வேலையற்றவர்கள்.
இவர் வேலையற்றவர்.
ஆகவே இவர் கலைப்பட்டதாரி.

மத்திய பதம் வியாப்தி அடையாத போலி.
பரீட்சை மண்டபத்தில் ஒருநாளும் நான் இதில் பிழை விட்டதில்லை.
முதல் எடுகூற்றே பிழை, பாருங்கள்:
நான் நிற்கிறேனே, மாதச் சம்பளத்தோடு.
இதை வேலை என்று எடுப்பதா என்பது
வரைவிலக்கணப் பிரச்சினை.
அதற்கு வேறு வினாத்தாள்.

மேசை விளிம்பில் ஆணி இரண்டு,
இடையில் ஒரு மீற்றர்.
முப்பது தரம் கயிற்றை இழுத்தேன்.
பதினெட்டில் எண்ணிக்கை தடுமாறி
முதலில் இருந்து தொடங்கினேன்.
ஒரு முழம் கூட விட்டு வெட்டினேன்.
முதலாளி பார்த்தார். பேசவில்லை.
விலங்கியல்காரர்
திருப்பி அளக்கவில்லை.

"பில் என்ன பெயருக்கு?"
"வேலையற்ற பட்டதாரிகள் சங்கம் எண்டு போடுங்கோ.
கணக்குக் காட்டவேணும்."
எங்கள் பில் கொப்பியில் பெயருக்கு விட்ட கோடு
ஒரு விரல் நீளம்.
மூன்று சொல்லும் கொள்ளாது.
எதை விடுவது என்று பேனையோடு நின்றேன்.
பிறகு
பட்டதாரிகள் என்று மட்டும் எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.
அவர் வாசித்தார். மடித்துச் சேட் பொக்கற்றில் வைத்தார்.
தறப்பாள் கரியரில் இருந்து வழுக்க
புதுக்கயிற்றிலேயே ஒரு முடிச்சுப் போட்டார்.

அடுத்தவர் அரை இஞ்சி எல்போ கேட்டார்,
நாலு.
எண்ணி வைத்தேன்.
அவர் திருப்பி எண்ணினார்.