பி பக்கம்

தக்கலையில் வண்டி வாங்கும்போதே கிளீட்டஸ் சொல்லிவிட்டார்:
"எல்லாம் ஓடும். டேப்புக்க உள்ள மட்டும்
ஒரு கேசட் மாட்டிக் கிடக்கு, வெளிய வராது.
ஸ்க்ரூடிரைவர் போட்டா செட்டு போச்சு, பாத்துக்க."
அதற்கென்று ஐநூறு ரூபாய் குறைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் நான் அதைத் தொடவில்லை.
திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து ஏறுகிறவர்கள்
அவரவர் போனில் பாட்டு வைத்திருந்தார்கள்.
பாதிப்பேர் வைப்பது கச்சான் குழு.
யார்தான் வைக்கவில்லை?
மண்டபத்தில் பெண் நுழையும்போது அவர்கள்,
தேர்தல் ஆட்டோவில் வார்த்தை மாற்றி அவர்கள்,
மார்த்தாண்டத்துப் பல் டாக்டரிடம்
வார்த்தையே இல்லாமல் அவர்கள்.
எனக்கு அந்த நிலாப் பாட்டு ஆகாது.
நாற்பது வயலின், நடுவில் ஒரு பெருமூச்சு.
அந்த மூச்சுக்கும் தனியாகச் சம்பளம் கொடுத்திருப்பார்கள்.

ஆடி மழை. குழித்துறைப் பாலத்தில் நெரிசல்.
போன் செத்துவிட்டது.
சும்மா ஒரு விரலால் அழுத்தினேன்.

சாளை பொரிகிற இரைச்சல் முதலில்.
பிறகு யாரோ, "மக்கா, சுவிட்சு போட்டாச்சா?"
பிறகு ஒரு நரம்பு தாழ்ந்துபோன கிட்டார்,
வாளியைக் கவிழ்த்துத் தட்டுகிற தாளம்,
பிறகு அவன்.

பின்னால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.
கச்சான் ரெஜிஸ்தான், சந்தேகமே இல்லை.
மீசை முளைத்த புதிதில் பாடியிருக்கிறான்,
தொண்டைக்குள் இன்னும் யாரும் ஏசி மாட்டவில்லை.
அதே நிலாப் பாட்டு மெட்டு, இரண்டு மடங்கு வேகத்தில்.
ஆனால் நிலா இல்லை அதில்.
மண்ணெண்ணெய் என்று பாடுகிறான்.
மண்ணெண்ணெய் வரிசையில் நீ எனக்கு முன்னால்,
உன் கேன் நிறைந்ததும் கடை மூடினான் என்று.
பாடும்போதே சிரித்துவிடுகிறான்.
அந்தச் சிரிப்பை அவர்கள் அழிக்கவில்லை,
அழிக்கத் தெரிந்திருக்காது.

பிறகு தினமும் கேட்டேன்.
இரண்டாம் பாட்டில் அண்டி ஆபீஸ் சங்கு ஊதுகிறது.
மூன்றாவதில் ஒருவன் தும்முகிறான், சரியாகத் தாளத்தில்.
நாலாம் பாட்டு கரண்ட் போய்ப் பாதியில் நிற்கிறது.
அதில் ஒரு பெண் குரல் இருக்கிறது.
கச்சானில் பெண் இருந்ததாக எவரும் சொன்னதில்லை,
போஸ்டரில் எப்போதும் நாலு ஆண்கள், நாலு கறுப்புச் சட்டை.

பயணிகளுக்குப் பிடிக்கவில்லை.
"அண்ணே, புளூடூத் இல்லியா?" என்றார்கள்.
பாறசாலை தாண்டுமுன் நிறுத்தச் சொன்னார்கள்.
வெயிலில் வெந்து, ஓடி ஓடி,
நாடா இழுபட்டு அரைச் சுருதி இறங்கிப்போயிருந்தது.
அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

மஸ்கட் விமானம், அதிகாலை.
அட்டையில் எமரன்சியா என்று எழுதிப் பிடித்திருந்தேன்.
நரை தொடங்கிய பெண், இரண்டு பெட்டி,
கயிறு கட்டிய ஒரு பால்மாவு டின்.
களியக்காவிளை வரை தூங்கினாள்.
நாலாம் பாட்டு வந்தது.

அந்தக் குரல் தொடங்க ஒரு நொடி இருக்கும்போதே
பின்சீட்டில் அவள் முணுமுணுத்தாள்.
டேப் பாடிய சுருதியில் இல்லை,
அரை மேலே,
நாடா புதிதாக இருந்தபோது எங்கே இருந்திருக்குமோ அங்கே.
இரண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு
கருங்கல் சந்தை வரை வந்தன.
கண்ணாடியில் பார்த்தேன். கண் மூடியிருந்தது.
கரண்ட் போகிற இடத்துக்கு ஒரு சொல் முன்பே நிறுத்தினாள்.

"ஏசியக் கொஞ்சம் கொறைக்கலாமா?" என்றாள்.
அவ்வளவுதான்.

கொடிமுனையில் இறங்கினாள்.
சில்லறை வேண்டாம் என்றாள்.
கடல் பக்கமாக ஒரு பெட்டி, பிறகு மற்றது.
கேட்டிருக்கலாம்.
நாக்கு வரைக்கும் வந்தது.
டின்னைத் தூக்கிக் கொடுத்தேன்.

திரும்பும்போது ஒரு விஷயம் உறைத்தது:
இந்த செட்டு ஒரு பக்கம்தான் ஓட்டும்.
நான் மனப்பாடம் செய்து வைத்திருப்பதெல்லாம் பி பக்கம்.
ஏ பக்கம் அங்கேயே, என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி,
இரும்பைப் பார்த்துக் குப்புறக் கிடக்கிறது.