ஆண், ஐம்பத்திரண்டு

கட்டுநாயக்காவில் நான்கு நாள் மறித்து வைத்திருந்தார்கள்.
"இறைச்சியோ?" என்றார் சுங்க அதிகாரி.
ஓம் என்றால் தீர்வை, இல்லை என்றால் விளக்கம்.
மனித ஈரற் கலங்கள் ஐயா,
திரவ நைதரசனில் உறங்குகின்றன என்றேன்.
பெட்டியைத் தொடாமலே கையெழுத்திட்டார்.

கூட வந்த தாளில் பெயர் இல்லை.
ஆண். ஐம்பத்திரண்டு. நிறை தொண்ணூற்றொன்று.
புகை: நாளுக்குப் பத்து.
மது: சில வேளைகளில்.
அதை அவன் மனைவி சொல்லியிருப்பாள்;
நொதியங்கள் வேறு கதை சொல்கின்றன.
மரணம்: தலையில் அடி.
எந்த ஊர்த் தெரு, எந்த வாகனம்
என்பது என் வேலைக்குத் தேவையில்லை.

மூன்று வருடம் இவனோடு வேலை செய்தேன்.
இருமல் மருந்தில் சோம்பேறி,
கோப்பியில் கெட்டிக்காரன்.
புகைத்தவன் ஈரல் அப்படித்தான்.
என் மனுசனைப் பற்றி
இவ்வளவு எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை எடுத்தது கடைசிக் குப்பி.
முப்பத்தேழு பாகையில் இரண்டு நிமிடம்,
கடுகளவு பனி மிஞ்சும்போதே தூக்கிவிட வேண்டும்.
மாலைக்குள் தட்டில் ஒட்டிக்கொண்டன.
இரண்டு நாளில், நெருக்கிப் பிடித்த பலகோணங்களுக்கிடையே
மினுங்கும் சின்ன வாய்க்கால்கள், பித்தம் ஓட.
குடலில்லை, சோறில்லை, ஆளில்லை.
யாருக்குச் சமிக்க அந்தப் பித்தம்?

பெரியாஸ்பத்திரியில் மூன்று பெண்கள்
கண் மஞ்சளித்துக் கிடக்கிறார்கள்.
மூவரும் விழுங்கியது ஒரே பச்சைக் குளிசை:
மெலிய வைக்கும், முற்றிலும் இயற்கை.
அதை இடித்துக் கரைத்துச் சொட்டினாள் ரிஸ்மியா.

முதல் மணித்தியாலம் ஒன்றுமில்லை.
ஆறாவதிலும் ஒன்றுமில்லை.
குளிசை நல்ல பிள்ளைதான்.
இவன்தான் வழமைப்படி
வந்ததைச் சும்மா விடாமல்
உடைத்து, ஒட்சியேற்றி,
கழுவி வெளியே அனுப்பப் பார்த்தான்.
அந்தக் கழுவலில் பிறந்தது நஞ்சு.

விடிய நாலு மணிக்கு நுணுக்குக்காட்டியில்
கொப்புளித்து, கழன்று, மிதந்தன.
ஈரக்குலை பதறுது என்பார்கள்;
நான் கண்ணால் கண்டேன்.
நொதியத்தை அடைத்து வைத்த
பக்கத்துக் குழிகளில் சாவே இல்லை.

வார்டுக்குக் கோல் எடுத்தேன்.
"எத்தனை பேரில் சோதித்தீர்கள்?"
ஒருவர் என்றேன்.
ஏற்கெனவே இறந்தவர்.
மறுமுனையில் கொஞ்ச நேரம்
மின்விசிறிச் சத்தம் மட்டும்.

தட்டுகளை மஞ்சள் பையில் கட்டினேன்.
தலையிடி என்றால் பனடோல் இருக்கு அக்கா
என்றாள் ரிஸ்மியா.
வேண்டாம் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

பொரளையில் ஏறிய நூற்றைம்பத்துநாலில் இடமில்லை.
ஜன்னலோரம் ஒருவன், ஐம்பது இருக்கும்,
மழையில் நனைந்த சட்டை, சிகரட் மணம்.
இருமினான்.
ஒரு கரண்டி மருந்து குடித்தால்
இவன் உடம்பில் அது
எத்தனை மணித்தியாலம் நிற்கும் என்று
மனக்கணக்குப் போட்டபடி நின்றேன்.
வெள்ளவத்தை தாண்டிவிட்டது.