திருத்தம்

வியாழன் இரண்டு மணிக்குள் முடித்தாக வேண்டும்.
மூன்றரைக்குப் பேருந்துகள் கிளம்பிவிடும்.
பைக்குள் நான்காய் மடிந்து, வாழைப்பழத்தோடு நசுங்கி
வாரச் செய்தி வீடு போய்ச் சேரும்.
பத்தொன்பது வருடமாக நான்தான் தட்டச்சு செய்கிறேன்.
புனித ஃபின்பார் பள்ளி, சவுத்லாந்து,
நியூசிலாந்தின் தென்கோடி.
மாணவர் இருநூற்றுப் பன்னிரண்டு,
ஜூன் பிறந்தால் இருமல் அதைவிட அதிகம்.

அந்த வாரம்
ரக்பியில் ஐம்பத்திரண்டுக்கு ஐந்து, நாங்கள் ஐந்து.
அந்த ஐந்தை எடுத்த செமிசி ஃபிஃபிதா
மூன்று நாளாக நடக்கவில்லை, மிதக்கிறான்.
தடுப்பூசிப் படிவம் தராதவர்கள் தரவும்.
முதல் வெள்ளித் திருப்பலி ஏழரைக்கு:
பாடற்குழுவின் பிலிப்பைன்ஸ் குடும்பங்கள்
மாலைக் கறவை முடித்து, கைகழுவி வர வேண்டும்.
கண்டெடுத்தவை: பூட்ஸ் ஒன்று, இடதுகால்.
முதல்வர் பக்கம்: பொறுமை பற்றி.
நகல் இயந்திரம் இரண்டு முறை விழுங்கியதும் அந்தப் பக்கத்தைத்தான்.

கடைசியில் எப்போதும் இரண்டு பட்டியல்.
நோயுற்றோருக்காக.
இறந்தோருக்காக.
நடுவே ஒரு வெற்று வரி.
தொலைபேசி அடித்தது. மூக்கில் இரத்தம் வழிய ஒருவன் வந்தான்.
பஞ்சு தேடிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து,
சரி பார்க்காமல் அச்சுக்கு அனுப்பினேன்.
ஆறாம் தடத்து ஓட்டுநர் டெர்மட் கில்ஃபெடர்,
பித்தப்பையில் கல்,
அந்த வெற்று வரியைத் தாண்டிப் போயிருந்தார்.

வெள்ளி மாலைக்குள் ஊரே அடுப்பில் ஏதோ ஏற்றியிருந்தது.
ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்குமாய்
சூடான கண்ணாடித் தட்டோடு
முதலில் போனவள் திருமதி மக்கஸ்கில்.
குளியல் அங்கியில் கதவைத் திறந்தவர் டெர்மட்.
தட்டு சாயாமல், ஒரு கையால்,
அவள் சிலுவை போட்டுக்கொண்டாளாம்.
ஞாயிறுக்குள் ஒன்பது தட்டுகள்.
கொழுப்பு கூடவே கூடாது என்று
மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்த சீட்டு
குளிர்பெட்டிக் கதவில்.

அடுத்த வியாழன் எழுதினேன்:
சென்ற வாரச் செய்தியில் ஒரு பிழை.
திரு. கில்ஃபெடர் உயிரோடு இருக்கிறார். வருந்துகிறோம்.
மூன்று முறை படித்தேன், சரியாகத்தான் பட்டது.
முதல்வர் தைராகெனா தாளை எடுத்துக்கொண்டு
உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.
சுவர் வழியே வந்த சத்தத்தை
முதலில் அழுகை என்றே நினைத்தேன்.

பத்து நாள் கழித்து வந்தார் டெர்மட்,
கழுவிய தட்டுகளோடு, ஆப்பிள் பெட்டியில்.
ஒன்பதில் ஆறுக்குத்தான் பெயர் ஒட்டியிருந்தது.
மன்னிப்புக் கேட்க நான் வாயெடுக்குமுன்
சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.
'கதவுக்கடியில் கிடந்தது. கணக்கு நோட்டுத் தாள்.
போன வருடம் பேருந்தின் பின்கண்ணாடி போயிற்றே,
உறைபனியில் வெடித்தது என்று
நீயும் நானும் காப்பீட்டுக்கு எழுதினோமே.
பனி இல்லையாம். கல்லாம்.'
யார் என்றேன்.
'செத்தவனிடம் சொன்னது,' என்றார்.
'செத்தவன் எப்படித் திருப்பிச் சொல்வான்?'

திங்கள், எட்டே கால்.
புல்தரை வெள்ளையாக விறைத்துக் கிடந்தது.
ஆறாம் தடத்துப் பேருந்து மூச்சுவிட்டு நின்றது,
ஸ்டியரிங்கில் அவர்.
சன்னலோரம் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், பாவம்தான்.
நாற்பத்தொரு பிள்ளைகள், எல்லாரும் தரையைப் பார்த்தே இறங்கினார்கள்.
திங்கட்கிழமை யார்தான் நிமிர்ந்து பார்ப்பார்?
பிறகு ஒரு காலணி கடைசிப் படியில் நின்றது.
குனிந்த ஒரு முதுகு
அவிழாத கயிற்றை வெகுநேரம் கட்டிக்கொண்டிருந்தது.
டெர்மட் கதவை மூடவில்லை.
எதிரே கண்ணாடியில் உருகும் பனியையே பார்த்திருந்தார்.

முதுகு நிமிருமுன் திரையை இழுத்துவிட்டேன்.
எனக்கும் வேலை இருந்தது.
கண்டெடுத்தவை: மூடியுள்ள தட்டுகள், மூன்று.
அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம்.
யாரென்று கேட்கமாட்டோம்.